முத்துக்கரையைக் கலை எங்கிருந்து பார்க்கிறது?

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பின் சலாபம் என்னும் முத்துக்குளிப்புக் கூட்டம் கூடவில்லை. குளியாளிகளும் சம்மாட்டிகளும் வியாபாரிகளும் கரையில் கொட்டகை போட்டுக் கூடிய அந்தப் பருவம் இரண்டு தலைமுறைக்கு முந்தைய செய்தியாகிவிட்டது. ஊருக்கு மட்டும் முத்துநகர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் ரயிலுக்கும் அதே பெயர்தான்.

தொழில் போய்ப் பெயர் நின்றுவிட்ட ஓர் ஊரைக் கலையில் எப்படிக் கொண்டுவருவது? சிப்பியையும் முத்தையும் வரைந்தால் அது சுற்றுலாத் துறைச் சுவரொட்டியாகிவிடும். துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை வரைந்தால் உலகின் எந்தத் துறைமுகமும் அப்படித்தான் இருக்கும். பனிமய மாதா கோயிலை வரைந்தால் ஓர் அஞ்சலட்டை கிடைக்கும். இருந்தும் சில நாவல்களைப் படிக்கும்போது, சில புகைப்படங்களைப் பார்க்கும்போது, இது இந்தக் கரைதான், வேறெங்கும் இப்படி இருக்க முடியாது என்ற உறுதி நமக்கு வந்துவிடுகிறது. அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கரையைப் பற்றியும் இதையொத்த கரைகளைப் பற்றியும் வந்த படைப்புகளை வரிசையாக வைத்து அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திணை தரும் அளவுகோல்

இந்தக் கேள்விக்கான அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் கவிதையின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் ஒழுக்கம் உரிப்பொருள். கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரியது இரங்கல்.

இந்தப் பகுப்பில் இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார்கள். ஓர் இடம் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டுமாக அவர்களுக்குத் தோன்றவில்லை; அங்கே நேரம் எப்படி நகர்கிறது என்பதும் அந்த இடத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, தொழிலைக் கருப்பொருளில் வைத்தார்கள். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் நெய்தலின் அடையாளங்கள். பொழுதையும் ஒழுக்கத்தையும் பிணைப்பது இந்தத் தொழில்தான். கடலுக்குப் போனவன் திரும்பாததால்தான் இரங்கல் வருகிறது. அவன் போன நேரமும் திரும்ப வேண்டிய நேரமும் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தவை.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் கலையில் உயிரோடு நிற்பது அதன் தோற்றத்தால் நடப்பதில்லை. அங்கே உழைக்கிறவர் எந்த இடத்தில் நின்று, எந்த நேரத்தில், எதைப் பார்க்கிறாரோ, அந்த இடத்துக்குப் படைப்பும் போய் நிற்பதால் நடக்கிறது. கரையோரப் படைப்புகளில் வென்றவற்றையும் தோற்றவற்றையும் பிரிக்கிற கோடு இதுதான் என்று கருதுகிறேன்.

வேடமாகிப்போன கரை

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை உலகக் கலைக்குள் கொண்டுபோன மிகப் பிரபலமான படைப்பு, ழார்ழ் பிசே இசையமைத்து 1863இல் பாரிஸில் அரங்கேறிய ‘முத்துக்குளிப்பவர்கள்’ என்ற இசைநாடகம். கதை பழைய இலங்கையில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதை எழுதியவர்கள் முதலில் களமாக நினைத்திருந்தது மெக்சிகோ. பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்கள். கதை இந்த மாற்றத்தைச் சிரமமில்லாமல் தாங்கிக்கொண்டது. இரண்டு நண்பர்கள், ஒரு பெண், ஒரு சபதம் என்ற அதன் அச்சுக்குக் கடலின் ஆழமோ காற்றின் திசையோ தேவைப்படவில்லை. இசை இன்றும் இனிமையானது. ஆனால் அதில் கரை ஒரு வேடம். கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியரோடு முடிந்துவிட்ட பழக்கமில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணப்பாடு, தமிழ்ச் சினிமாவுக்குப் பிடித்தமான களமாகிவிட்டது. மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) அங்கே எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் காட்சிகளில் ஒளியும் மணலும் அலையும் அபாரமாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் படத்தின் அக்கறை நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டத்தில் இருக்கிறது. ஊர் அதற்கான மேடையாக நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ அதே கரைக்கு இன்னும் நெருங்கி வருகிறது. கடலுக்குப் போகும் உரிமை ஒருவனுக்கு எப்படிக் கிடைக்கிறது, படகு எப்படிக் கைக்கு வருகிறது, கடலில் சுடப்படுகிறவனின் வீட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்விகளை அந்தப் படம் எடுத்துக்கொண்டது. காத்திருக்கும் பெண்ணின் இரங்கல் சங்கப் பாடல்களிலேயே உண்டு. இந்தப் படத்தில் அந்த இரங்கலுக்குக் காரணம் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் எல்லைக்கோடு. பொழுது மாறியிருக்கிறது, உரி தொடர்கிறது. அழகான ஒளிப்பதிவு மட்டும் தராத ஒன்றை இந்தத் தொடர்ச்சி தருகிறது.

வள்ளமும் கட்டுமரமும் தோணியும்

கரையைக் கதைக்குள் கொண்டுவந்ததில் நாவல்களுக்கே முதலிடம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் உள்பகுதியான கரிசல், கி. ராஜநாராயணனால் முன்னமே இலக்கியத்தில் தன் இடத்தைப் பிடித்துவிட்டது. இடைசெவலில் இருந்துகொண்டு அவர் கதைகளோடு வட்டார வழக்குச் சொல்லகராதியும் தந்தார். பூமணி, சோ. தர்மன் என்று அந்த மரபு சாகித்திய அகாதெமி விருதுகள் வரை தொடர்ந்தது. கடலோரத்துக்கு அப்படி ஒரு வரிசை அமையக் காலம் பிடித்தது.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. மணப்பாட்டுக் களம். குரூஸ் மிக்கேல் தன் வள்ளத்தை விற்பதா, கடலோடே இருப்பதா என்று தவிக்கிறார், லாஞ்சுகள் வந்துவிட்டன, வள்ளக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது, மகள் பிலோமியின் காதலும் இழப்பும் அதனூடே நகர்கின்றன. சின்ன நாவல். வர்ணனைகள் குறைவு. ஆனாலும் கரை முழுக்க அதில் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு உறவும் ஒரு படகின் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வள்ளம் கைமாறினால் குடும்பம் குலையும் என்பதை நாம் நம்பிவிட்ட பிறகு, அலையின் நிறத்தை ஆசிரியர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். நேரில் போய்த் தங்கி, பேசி, குறிப்பெடுத்து எழுதும் முறையைக் கைக்கொண்டவர். திருச்செந்தூர்ப் பக்கத்து மீனவர் வாழ்வை ‘அலைவாய்க் கரையில்’ நாவலிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலும் எழுதினார். வண்ணநிலவனும் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவரில்லை. எனவே ஊரில் பிறந்தவரால்தான் ஊரை எழுத முடியும் என்ற வாதம் இந்தக் கரையில் நிற்காது. பிறப்பைவிடக் கற்றுக்கொள்ளும் பொறுமைதான் இங்கே தகுதியாகிறது.

அதே நேரத்தில், உள்ளிருந்து எழுதும்போது மட்டுமே கிடைக்கும் ஒன்று உண்டு என்பதை ஜோ டி குருஸ் நிறுவினார். உவரியில் பிறந்து கப்பல் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவர். 2004இல் வந்த ‘ஆழி சூழ் உலகு’ நாவலில், படகு உடைந்து நடுக்கடலில் மிதக்கும் மனிதர்களிடமிருந்து கதை பின்னோக்கி விரிகிறது. நாம் ஊரை முதலில் பார்ப்பது தண்ணீரிலிருந்து. மீனவர்கள் கடலுக்குள் இடம் கண்டுபிடிப்பதே அப்படித்தான்: கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் இன்னோர் அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் பொருத்திப் பார்த்துத் தங்கள் மீன்பாரைக் கண்டுகொள்வார்கள். கரையில் நிற்பவருக்குக் கோபுரம் வழிபாட்டுக்குரியது. கடலில் இருப்பவருக்கு அது உயிரோடு வீடு திரும்பும் வழியும்கூட. அந்தப் பார்வைக் கோணத்தை நாவலின் அமைப்பாகவே மாற்றியதுதான் ஜோ டி குருஸின் சாதனை. அவர் நாவலில் வரும் காற்றின் பெயர்களும் நீரோட்டத்தின் பெயர்களும் கட்டுமரத்தின் பாகங்களின் பெயர்களும் புதிய வாசகரைத் தடுமாற வைக்கின்றன. அந்தத் தடுமாற்றம் தேவையானது. கடலுக்கு முதன்முறை போகிற பையனுக்கும் அதே தடுமாற்றம்தான்.

2009இல் வந்த ‘கொற்கை’ அவருக்கு 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நாவல், 1914 தொடங்கி 2000 வரையிலான தூத்துக்குடியைத் தோணித் தொழிலின் வழியே சொல்கிறது. பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுகளுக்கும் சரக்கேற்றிப் போன பாய்மரத் தோணிகள், அவற்றின் தலைமை மாலுமிகளான தண்டல்கள், முதலாளிகள், கணக்கப்பிள்ளைகள், கடன்கள் என்று ஊரின் ரத்த ஓட்டம் முழுவதும் அதில் ஓடுகிறது. சங்கம் பாடிய பாண்டியத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர். அந்தப் பெயரை நவீனத் தூத்துக்குடியின் கதைக்கு வைத்ததன் மூலம், துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை, தொழிலும் மணலும் அதிகாரமும் நகர நகர அதுவும் நகர்கிறது என்ற வரலாற்றை ஆசிரியர் முன்வைக்கிறார். 1974இல் பெருந்துறைமுகமான பின் ஊரின் செல்வம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை நாவல் ஒரு கணக்குப் புத்தகத்தின் கண்டிப்போடு பின்தொடர்கிறது. எல்லா இடங்களிலும் கட்டுக்கோப்பாக இல்லை. பாத்திரங்கள் பெருகி நெரிகிறார்கள். ஆயினும் ஒரு நகரத்தின் நினைவைத் தொழிலின் வழியே மீட்ட நாவல்களில் இதற்கு ஈடாகத் தமிழில் சொல்லக்கூடியவை மிகச் சில.

உப்பளத்தின் பொழுது

தூத்துக்குடிக்கு ரயிலில் வருகிறவர் கடலுக்கு முன் பார்ப்பது உப்பளத்தை. வெண்குவியல்களும் வானத்தைப் பிரதிபலிக்கும் பாத்திகளும் கேமராவுக்கு எளிதில் வசப்படுகின்றன. அந்த எளிமையில்தான் ஆபத்து இருக்கிறது. உப்பளத்தின் அழகு என்பது மதிய வெளிச்சத்தின் அழகு. தொழிலாளிக்கு அதே வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் வெளிச்சம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு அந்த நிலத்தின் உண்மையான சிறுபொழுது விடியலுக்கு முந்தையது.

‘கரிப்பு மணிகள்’ இந்தப் பொழுதைப் பதிவு செய்த முன்னோடி. தூத்துக்குடிக்காரரான ஸ்ரீதரகணேசனின் ‘உப்பு வயல்’ அதே உலகத்தை உள்ளூர்க் குரலில் சொன்னது. புகைப்படத்தில் இந்தப் பணியை முன்னெடுத்தவராக எம். பழனிக்குமாரைச் சொல்லலாம். பாரி இணைய இதழுக்காகத் தூத்துக்குடி உப்பளப் பெண்களையும், இதே வளைகுடாவில் ராமநாதபுரம் பக்கம் கடற்பாசி சேகரிக்கும் பெண்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய படங்களில் நிலம் அகலமாக விரிவது குறைவு. கைகளும் கால்களும் முகங்களும் அருகில் இருக்கின்றன. கடற்பாசிப் படங்களில் கேமரா தண்ணீருக்குள்ளேயே இறங்கி, அந்தப் பெண்கள் மூச்சடக்கிக் குனியும் மட்டத்தில் நிற்கிறது. இடம் என்பது உடம்பில் பதிகிற ஒன்று என்பதை அந்தப் படங்கள் காட்டிவிடுகின்றன.

கடலைவிட்டு ஆற்றுப்பக்கம் போனால் மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) இதே உண்மையைச் சொல்கிறது. தாமிரபரணிப் பாசனத்தின் பசுமை தமிழ்ச் சினிமா பலமுறை காட்டியதுதான். மாரி செல்வராஜ் அந்தப் பசுமையை, வாழைத்தாரைச் சுமந்து லாரிக்குக் கொண்டுபோகும் ஒரு பள்ளிச் சிறுவனின் கழுத்து வலி வழியே காட்டினார். படம் முடிந்தபின் ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்க்கும் நம் கண் மாறிவிடுகிறது.

ஒரு மறுப்பு

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான சான்று தூத்துக்குடியிலேயே இருக்கிறது. கவிஞர் தேவதேவன் நெடுங்காலம் இந்த ஊரில் ஆசிரியராக வாழ்ந்தவர். அவர் கவிதைகளில் ஊர்ப்பெயர்கள் அரிது. வட்டார வழக்கும் இல்லை. மரம், பறவை, பாதை, வீடு என்று எங்கும் இருக்கக்கூடியவற்றையே எழுதினார். அப்படியானால் இடமில்லாத கலையும் சிறந்த கலையாக முடியாதா? முடியும். இடத்தைச் சுமப்பது எல்லாப் படைப்புக்கும் கடமையாகாது. ஒரு படைப்பு தன்னை ஓர் ஊரின் பெயரால் அறிவித்துக்கொள்ளும்போதுதான் அந்த ஊருக்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தேவதேவன் அப்படி எதையும் கோரவில்லை. மரத்தின் முன் நிற்கும் கவனத்தில் அவர் பிசகவுமில்லை. ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டு கவனத்தை விட்டுவிடும் படைப்புகள்தான் குறைபட்டவை.

பிற கரைகள் கற்றுத் தருபவை

காட்சிக் கலையில் தூத்துக்குடிக்கு இன்னும் நாவலுக்கு நிகரான சாதனை அமையவில்லை. ஆனால் பிற கரைகளில் வழிகாட்டும் முயற்சிகள் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ அவற்றில் முக்கியமானது. போரில் வீடிழந்தவர்களிடம் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோடுகளோடு கட்டடக் கலைஞரின் வரைபடமும் அவருடைய ஓவியமும் சேர்ந்து ஒரு நூலாயின. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. தூத்துக்குடியும் 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போன ஊர்தான். ஆட்சியாளர்களின் பதிவேட்டு வடிவத்தை எடுத்து, அதில் இழந்தவர்களின் நினைவை நிரப்பிய அந்த முறை நமக்கும் பொருந்தும்.

இன்னொன்று, மும்பையின் கேம்ப் குழு 2013இல் முடித்த ‘ஃபிரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்’ என்ற படம். கட்ச் வளைகுடாவிலிருந்து பாரசீக வளைகுடாவுக்கும் ஏடன் வளைகுடாவுக்கும் சரக்குக் கப்பல் ஓட்டும் மாலுமிகள் தங்கள் கைப்பேசிகளில் எடுத்த காட்சிகளையும், அவற்றோடு அவர்கள் சேர்த்துக்கொண்ட பாடல்களையும் கோத்து உருவானது. கலைஞர்கள் பார்வையை மாலுமிகளிடமே விட்டுவிட்டார்கள். தூத்துக்குடித் தோணிகளின் மாலுமிகளிடமும் கைப்பேசிகள் இருக்கின்றன. அவர்கள் எடுத்த காட்சிகளைக் கேட்டு வாங்கித் தொகுக்க ஒருவர் வேண்டும். டெல்லியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ரவி அகர்வால் புதுச்சேரிப் பக்கத்து மீனவர்களோடு பழகிச் செய்த படங்களில் சங்கத் திணையையே சிந்தனைச் சட்டகமாக எடுத்துக்கொண்டார். வடக்கிலிருந்து வந்தவருக்கு உதவிய அந்தச் சட்டகம் நம் ஓவியக் கல்லூரிகளில் இன்னும் தேர்வுக்குப் படிக்கும் இலக்கணமாகவே இருப்பது வருத்தம் தருகிறது.

இன்னும் வராதவை

இந்தக் கரையின் பெரும்பகுதி இன்னும் கலைக்குள் வரவில்லை. முதலில், கடலடி. முத்துச்சிப்பி விளைந்த பார்களுக்கெல்லாம் பெயருண்டு. தொலாயிரம் பார் அவற்றில் புகழ்பெற்றது. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக மூச்சடக்கி இறங்கியவர்கள் அந்த இருட்டை எப்படி அறிந்தார்கள், சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டியின் மந்திரம் அவர்களுக்கு என்ன தைரியம் தந்தது என்பதெல்லாம் இன்னும் எழுதப்பட வேண்டியவை. சங்கு குளிப்பவர்கள் திரேஸ்புரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடல் நம் ஓவியங்களில் இல்லை.

அடுத்து, தீவுகள். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. அவற்றில் சில நீருக்குள் போய்விட்டன; தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு கரைந்து சுருங்கி, செயற்கைப் பாறைகள் இட்டுக் காக்கப்படுகிறது. நிலமே கரையும்போது அந்த முதற்பொருளை எப்படி எழுதுவது என்பது நம் காலத்தின் புதிய கேள்வி. மூன்றாவதாக, 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். பாடல்களும் ஆவணப்படங்களும் அந்த நேரத்துச் சூட்டோடு வந்தன. ஆனால் ஊர் அந்த நாளை எப்படிச் சுமக்கிறது என்பதை நிதானமாகச் சொல்லும் பெரிய படைப்புக்கு இன்னும் இடமிருக்கிறது. நான்காவதாக, காலம். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், தென்மேற்குக் காற்றில் தோணிகள் ஓய்ந்திருக்கும் மாதங்கள் என்று இந்த ஊருக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதன்படி நகரும் ஒரு திரைப்படம் இன்னும் வரவில்லை.

இவற்றில் அவசரமானது முதலாவது. 1961இல் கடலில் இறங்கிய இளைஞர் இன்று எண்பதைக் கடந்தவர். முத்துக்குளிப்பின் ஆவணங்கள் அரசு அறிக்கைகளாக உள்ளன. இதே ஊரின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1973இல் வளர்ப்பு முத்து உருவாக்கிய வரலாறும் பதிவாகியிருக்கிறது. சிப்பிகளின் எண்ணிக்கையும் ஏலத்தொகையும் அந்த அறிக்கைகளில் கிடைக்கும். குளியாளியின் மூச்சு கிடைக்காது. அதைக் கேட்டு எழுதவும் வரையவும் படமாக்கவும் இளம் கலைஞர்களுக்கு இந்த ஊரின் கல்லூரிகளும் துறைமுக நிர்வாகமும் மறைமாவட்டமும் இடமும் உதவியும் தர வேண்டும். ஓரிரு வாரம் வந்து படமெடுத்துப் போகிறவர்களைவிட, ஒரு பருவம் முழுக்கத் தங்கி வலையும் உப்பும் பழகுகிறவர்களுக்கு அந்த உதவி போகட்டும்.

வண்ணநிலவனும் ராஜம் கிருஷ்ணனும் ஜோ டி குருஸும் பழனிக்குமாரும் வெவ்வேறு வாசல்களில் இந்தக் கரைக்குள் வந்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது, வேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றதுதான். அங்கே நின்றவர்களுக்கு ஊர் தன்னைக் கொடுத்திருக்கிறது. அடுத்து வருகிறவர்களுக்கும் கொடுக்கும். ஆனால் குளித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வந்தாக வேண்டும்.